சட்டகம் போகும்; பாட்டும் போக வேண்டுமா?

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் உள்ள கல்லூரிகளில் கணித்தமிழ்ப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு தொடர் தவறாமல் காதில் விழுகிறது: "மேசைக்கணினி மென்பொருளைப் போலவே உலாவியிலும் இருக்க வேண்டும்." சுவடிகளின் பாடவேறுபாடுகளை அருகருகே வைத்து ஒப்பிடவும், சொல்லடைவு தொகுக்கவும், உரையைப் பாடலோடு பொருத்திப் பார்க்கவும் உலாவிவழிப் பணிமேசை ஒன்று வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. அதை ஜாவாவில் செய்யலாம் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் எந்தச் சட்டகத்தைக் கொண்டு செய்வது என்ற கேள்வி வந்தவுடன் கணினித் துறையினர் சாளரங்களும் பட்டியல்களும் மின்னும் மாதிரி ஒன்றைத் திரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள். தமிழ்த் துறையினரோ "அது உங்கள் பாடு" என்று தேநீர் குடிக்க எழுந்துவிடுகிறார்கள். இவ்விரு போக்கையும் மறுக்கவே இதை எழுதுகிறோம்.

மேசைக்கணினியை எந்தச் சட்டகம் நன்றாக நடிக்கிறது என்பது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. எந்தச் சட்டகம் மாண்டபின்னும் நம் பாடல் பிழைத்திருக்கும் என்பதே முதற்கேள்வி. அதற்கு விடை காணத் தமிழ் படித்தவரும் அந்த அறையில் இருந்தாக வேண்டும்.

சட்டகம் என்றால் என்ன என்று கேட்கும் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு சொல். வீடு கட்டுபவர் ஒவ்வொரு முறையும் செங்கல் சுட்டுக்கொண்டிருப்பதில்லை. அதுபோல நிரல் எழுதுபவரும் பொத்தான், அட்டவணை, பட்டியல், திரைக்கும் வழங்கிக்கும் இடையிலான தூது ஆகியவற்றை ஆயத்தமாகப் பெற்றுக்கொள்கிறார். அந்த ஆயத்தத் தொகுதியே சட்டகம். ஆயத்தமாகக் கிடைப்பது எதுவும் தன் அளவுக்கு நம்மை வளைக்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறியவர்கள் புள்ளி இடாமல் விட்டதால் எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. எழுதுபொருளின் குணம் எழுத்தில் தங்கிவிடுகிறது. சட்டகமும் ஓர் எழுதுபொருள்தான்.

உலாவிக்குள் மேசைக்கணினியைக் கொண்டுவரும் ஆசை ஜாவாவோடு கூடவே பிறந்தது. 1990களின் நடுவில் அது பெயர்பெற்றதே ஆப்லெட் என்னும் சிறுநிரல்களால்தான். பக்கத்தின் நடுவே ஒரு சதுரம்; அதனுள் முழு மென்பொருள் ஒன்று ஓடும். பின்னர் 2005 பிப்ரவரியில் ஜெசி ஜேம்ஸ் காரெட் என்பவர் ஏஜாக்ஸ் என்று ஒரு பெயர் சூட்டினார். பக்கம் முழுவதையும் மறுபடி வரவழைக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் மாற்றிக்கொள்ளும் முறை அது. ஜிமெயிலும் கூகுள் வரைபடமும் அதன் ஆற்றலைக் காட்டின. ஜாவா அறிந்தவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் இறங்க மனமில்லை. அந்த மனமின்மைக்கு இருவகை மருந்துகள் கிடைத்தன.

முதல்வகை, ஜாவாவில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மொழிபெயர்த்து உலாவிக்கு அனுப்புவது. 2006 மே மாதம் வெளிவந்த கூகுள் வெப் டூல்கிட் இவ்வகை. இரண்டாம் வகையில் நிரல் முழுவதும் வழங்கியிலேயே இருக்கும். உலாவி வெறும் கண்ணாடி. பயனர் ஒரு பொத்தானை அழுத்தினால் செய்தி வழங்கிக்குப் போய், அங்கே முடிவெடுக்கப்பட்டு, திரைமாற்றம் திரும்பி வரும். தைவானில் பிறந்த இசட்கே, பின்லாந்தில் ஐடி மில் டூல்கிட் என்ற பெயரில் இருந்து 2009இல் பெயர் மாறிய வாடின், எக்கோ 2 ஆகியவை இந்த வழியின. ஜாவா சர்வர் ஃபேசஸ் என்னும் நெறியின்மேல் கட்டிய ஐஸ்ஃபேசஸ், ரிச்ஃபேசஸ், பிரைம்ஃபேசஸ் ஆகியவற்றையும் பெரும்பாலும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

இவற்றின் ஆயுளைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் குரோம் உலாவி ஆப்லெட்டைத் தாங்கிய செருகுநிரல் வாயிலை அடியோடு மூடியது. 2018இல் வந்த ஜாவா 11இல் அந்தச் செருகுநிரலே இல்லை. கூகுள் வெப் டூல்கிட்டின் வல்லமைக்குச் சான்றாக 2009இல் அறிவிக்கப்பட்ட கூகுள் வேவ், 2010 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. டூல்கிட்டை 2012இல் வழிநடத்தற் குழு ஒன்றிடம் கூகுள் ஒப்படைத்தது. இன்றும் அது உயிரோடு இருக்கிறது, ஆனால் வீதியுலா முடிந்துவிட்டது. ரிச்ஃபேசஸ் 2016இல் ஓய்ந்தது. வாடின் 2018இல் தன் பத்தாம் பதிப்பில் உலாவிப் பக்கத்து அடித்தளத்தையே மாற்றிக்கொண்டது. எட்டாம் பதிப்பில் எழுதியவர்கள் திரைப்பகுதியைப் பெரிதும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இவர்களில் எவரையும் நாம் பழிக்கவில்லை. மென்பொருளின் வாழ்நாள் அப்படி. ஆனால் ஒரு தொகைநூலின் வாழ்நாள் அப்படியன்று.

புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894இல் அச்சேற்றினார். அதில் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைக்காத பாடலுக்கும் எண்ணை விட்டுவைத்திருக்கிறது நம் மரபு. மேசைக்கணினியை நடிக்கும் உலாவி மென்பொருளிலோ பாடல் இருக்கும், அதற்கு முகவரி இராது. எந்தப் பாடலைத் திறந்தாலும் மேலே அதே முகவரிதான் நிற்கும். மாணவனுக்கு "இந்தப் பாடலைப் பார்" என்று ஓர் இணைப்பை அனுப்ப இயலாது. பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முந்தைய பாடலுக்குப் பதிலாக வாசலுக்கு வெளியே வந்து விழுவோம். பிற்காலத்தில் இவ்வகைச் சட்டகங்கள் முகவரி கொடுக்கக் கற்றுக்கொண்டன என்பது உண்மை. இன்றைய வாடினில் ஒவ்வொரு காட்சிக்கும் தனி முகவரி தரலாம். ஆனால் தரலாம் என்பது வேறு, தந்திருக்கிறார்கள் என்பது வேறு. நமக்குக் காட்டப்படும் மாதிரிகளில் இதைக் கேட்டுப் பாருங்கள். கேட்கும்வரை எவரும் சொல்லமாட்டார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் தேநீர் குடிக்கப் போன தமிழ்த் துறையினர் திரும்பி வர வேண்டும்.

அவை, அழகு, அளவு, அறம், அனல் என்னும் ஐந்து சொற்களை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் பள்ளி மாணவனும் இதே வரிசையில்தான் எழுதுவான். ஒருங்குறி எண்களை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல் என்ன தரும் தெரியுமா? அனல், அறம், அளவு, அழகு, அவை. நம் வரிசை தலைகீழாக நிற்கும். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகரமும் ழகரமும் வகரத்தின் முன்னும் வைக்கப்பட்டிருப்பதன் விளைவு இது. சொல்லடைவு செய்யப் புகுந்தவர்களுக்கு இது சிறு பிழையன்று; நூலே பிழை.

இன்னொன்று. 'கொடு' என்பதில் எழுத்து இரண்டு. ஜாவாவில் அதன் நீளத்தைக் கேட்டால் 4 என்று விடை வரும். ககரம், ஒகரக் குறி, டகரம், உகரக் குறி என்று அது எண்ணுகிறது. ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டிருந்தால் 5 என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும்போது ஒன்று மற்றொன்றை அறியாது. அசை பிரித்துச் சீர் காணும் கருவி செய்வோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்த இடத்தைத் தாண்ட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஜாவாவில் மருந்து இருக்கிறது. குறிவடிவங்களை ஒருமைப்படுத்தும் வகுப்பு 2006இல் வந்த ஜாவா 6 முதல் அதன் டெக்ஸ்ட் தொகுப்பிலேயே உண்டு. தமிழ் அகரவரிசைக்கு ஐசியு என்னும் திறமூல நூலகம் உண்டு. ஜாவாவை நாம் ஆதரிப்பதற்கு இதுவே முதற்காரணம். ஆனால் கூகுள் வெப் டூல்கிட்டில் எழுதினால் ஜாவா முழுவதும் உலாவிக்கு வருவதில்லை. தேர்ந்த ஒரு பகுதி மட்டுமே வருகிறது. மேற்சொன்ன டெக்ஸ்ட் தொகுப்பு அந்தப் பகுதியில் இல்லை. "ஜாவா தெரிந்தால் போதும்" என்று விற்கப்படும் சரக்கில் தமிழுக்கு வேண்டிய ஜாவா மட்டும் விடுபட்டிருக்கிறது. இன்றைய உலாவிகளே வரிசைப்படுத்தவும் ஒருமைப்படுத்தவும் தாமாகக் கற்றிருக்கின்றன. ஆனால் அவற்றை நேரடியாகப் பயன்படுத்த வேண்டுமானால் எந்த ஜாவாஸ்கிரிப்டைத் தவிர்க்க நினைத்தோமோ அதனிடமே போக வேண்டும்.

வழங்கியில் எல்லாம் நடக்கும் இரண்டாம் வகையில் இந்தக் குறை இல்லை. ஜாவா முழுமையாக அங்கே இருக்கிறது. அதன் நோய் வேறு. ஒவ்வொரு பயனரின் திரையையும் வழங்கி தன் நினைவகத்தில் சுமந்துகொண்டிருக்க வேண்டும். தொடர்பு அறுந்தாலோ, பயனர் எழுந்து போனாலோ, குறித்த நேரத்துக்குப்பின் அந்தச் சுமையை அது இறக்கி வைத்துவிடும். டாம்கேட் வழங்கியில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் அந்த நேரம் 30 நிமிடம். உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒருவர் வீட்டில் அமர்ந்து, கைப்பேசி வழியே இணையத்தை இழுத்து, சுவடிப் படத்தைப் பார்த்துப் பாடவேறுபாட்டைத் தட்டச்சிடுகிறார் என்று கொள்ளுங்கள். ஒரு சொல் ஐயம். எழுந்து போய் அகராதியையும் உரையையும் புரட்டுகிறார். நம் தொழிலில் ஓர் ஐயத்துக்கு 30 நிமிடம் மிகையா? திரும்பி வந்தால் 'அமர்வு முடிந்தது' என்ற அறிவிப்பு காத்திருக்கிறது. சேமியாமல் இருந்தது போனதுதான். நிரலாளர் முன்கூட்டியே எண்ணியிருந்தால் தவிர்த்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாசிப்பின் வேகம் யார் சொன்னது?

தட்டச்சும் அப்படியே. தமிழை ஒலிபெயர்ப்பு முறையிலோ தமிழ்99 முறையிலோ தட்டும்போது எழுத்து ஒரே தட்டில் முடிவதில்லை; அடுத்த தட்டைப் பார்த்து முந்தையது மாறும். ஒவ்வொரு தட்டையும் வழங்கிக்கு அனுப்பி, திரும்பி வந்ததைப் பெட்டியில் மறுபடி எழுதும் சட்டகத்தில், எழுத்து பாதி உருவாகும்போதே பெட்டி மாற்றப்பட்டுவிடலாம். ஆங்கிலத்தில் ஓட்டிக் காட்டும் மாதிரியில் இந்தக் கோளாறு தலைகாட்டாது. ஆகவே மாதிரி காட்ட வருகிறவரிடம் விசைப்பலகையை வாங்கி, வேகம் குறைந்த இணைப்பில், ஓர் அகவலின் பத்து அடிகளைத் தட்டிப் பாருங்கள். அதுவே தேர்வு.

தமிழிலக்கிய வகுப்புகளில் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் நம்மில் பலர். திரைவாசிப்பான் வழியே படிக்கும் அவர்களுக்குத் தலைப்பு தலைப்பாகவும், இணைப்பு இணைப்பாகவும், பொத்தான் பொத்தானாகவும் பக்கத்தில் இருக்க வேண்டும். மேசைக்கணினியைப் போலத் தோன்றுவதற்காக எல்லாவற்றையும் பெயரற்ற பெட்டிகளாக அடுக்கிப் பொத்தானென வண்ணம் பூசினால், கண்ணுள்ளவர் ஏமாறுவார்; காதால் படிப்பவர் வழி தவறுவார். இதையும் சட்டகம்தோறும் கேட்க வேண்டும்.

"அப்படியானால் உலாவியில் மேசைக்கணினி மென்பொருள் எழவே முடியாதா? ஸோஹோ எழுந்து நிற்கவில்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, ஜாவாவில் வலைப்பின்னல் மேலாண்மைக் கருவிகள் செய்துவந்த அந்த நிறுவனம் 2005இல் ஸோஹோ ரைட்டர் என்னும் உலாவிவழிச் சொற்செயலியை வெளியிட்டது. 2009இல் அப்பெயரையே தனதாக்கிக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த இச்சாதனையில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அதிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் வேறு. அன்றாடம் அந்த ஒரே வேலையாக இருக்கும் பொறியாளர் படை அவர்களிடம் உண்டு. ஒரு பகுதி உடைந்தால் தாங்களே செய்துகொள்வார்கள். நம்மிடம் இருப்பவர்கள் மூன்றாம் ஆண்டோடு விடைபெறும் மாணவர்கள் இருவர், பாடவேளைகளுக்கு நடுவே நேரம் திருடும் ஆசிரியர் ஒருவர். யானைக்குத் தைத்த சட்டையைப் பூனைக்குப் போட்டுவிட்டுப் பூனையைக் குறை சொல்லக் கூடாது.

நமக்குப் பொருத்தமான முன்மாதிரி வேறிடத்தில் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் நூல்களைச் சேர்த்தார்கள். திஸ்கி குறியேற்றத்தில் இருந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாறின. அத்தனை நூல்களும் ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்கு எப்படித் தாவின? எளிய கோப்புகளாக இருந்ததால் தாவின. எந்தச் சாளரத்துக்குள்ளும் அவை பூட்டப்பட்டிருக்கவில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப. பாண்டியராஜா அமைத்த சங்க இலக்கியத் தொடரடைவைப் பாருங்கள். சொல்லைத் தேடிப் போனால் அது வரும் அடிகள் கிடைக்கின்றன. ஆய்வு மாணவர்கள் அதைத் தேடிப் போவது அது மேசைக்கணினி போலத் தோன்றுவதாலா? வேண்டியது அங்கே இருக்கிறது என்பதால்.

ஆகவே நம் முடிவைச் சொல்கிறோம். பணிமேசை வேறு, படிப்பறை வேறு. இரண்டையும் ஒரே சட்டகத்தில் அடைக்க வேண்டா.

படிப்பறை பொதுமக்களுக்கு உரியது. அங்கே ஒவ்வொரு பாடலுக்கும் நிலையான முகவரி, வழங்கியிலேயே முழுமையாக எழுதி அனுப்பப்படும் எளிய பக்கம், அவ்வளவே. ஜாவாவின் சர்வ்லெட் அடித்தளமும் வார்ப்புரு நூலகம் ஒன்றும் இதற்குப் போதும். 2020இல் அதன் தொகுப்புப் பெயர்கள் மாறின. அதுவும் தேடி மாற்றிக்கொள்ளும் அளவிலான மாற்றமே. வரிசைப்படுத்தல், ஒருமைப்படுத்தல், எழுத்தெண்ணல் ஆகிய தமிழ் வேலை முழுவதும் வழங்கியில் ஜாவாவிலேயே நடக்கட்டும்.

பணிமேசை பத்திருபது பதிப்பாளர்களுக்கு உரியது. அவர்கள் அனைவரும் ஒரே நூலகத்தில், ஒரே உள்வலையில் அமர்ந்து பட்டியலிடுகிறவர்கள் என்றால் வாடினோ இசட்கேயோ நல்ல தெரிவே. ஜாவா மட்டும் அறிந்த மாணவரும் விரைவில் செய்து முடிப்பார். ஊர்தோறும் சிதறி, விட்டுவிட்டு வரும் இணைப்பில் வேலை செய்கிறவர்கள் என்றால் அவ்வகை ஆகாது. தட்டச்சிட்டதை உலாவியே தன்னிடம் வைத்திருந்து, தொடர்பு வந்ததும் அனுப்பும்படி, வேண்டிய அளவு ஜாவாஸ்கிரிப்டை அளந்து எழுதுவதே சரி. அந்த மொழியைக் கற்பது கடினம் என்பவர்கள், சீவகசிந்தாமணியைப் பதிப்பிப்பதற்காகச் சமண சமயத்தைத் தேடிப் போய்க் கற்றவரின் வழிவந்தவர்கள் நாம் என்பதை மறக்கலாகாது.

இரண்டிலும் பொதுவான நிபந்தனை ஒன்று. பாடமும் பாடவேறுபாடும் சட்டகத்துக்கு வெளியே, எந்தக் கருவியும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக நாள்தோறும் இறங்கி நிற்க வேண்டும். அதைச் செய்து காட்டாத எந்த மாதிரியையும், எவ்வளவு மின்னினாலும், ஏற்கக் கூடாது. மாதிரி காட்டுபவரிடம் "இதைத் தொடங்குவது எப்படி?" என்று கேட்பதற்கு முன் "இதை விட்டுப் போவது எப்படி?" என்று கேளுங்கள். விடை தயங்கி வந்தால் அந்தச் சட்டகம் நமக்கு வேண்டா.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது சுவடி சேர்ப்பதையும் நூலகம் அமைப்பதையும் அச்சிடுவதையும் புலவர்களின் வேலையாகவே கருதினார்கள். அச்சுப்பொறி தொழிலாளியின் பாடு என்று அவர்கள் எழுந்து போகவில்லை. எழுத்துக் கோப்பவர் அருகில் அமர்ந்து மெய்ப்புப் பார்த்ததால்தான் நமக்கு நூல்கள் கிடைத்தன. இன்றைய அச்சுக்கூடம் வழங்கியில் இருக்கிறது. சட்டகம் தெரிவு செய்யும் கூட்டத்தில் தமிழ்த் துறைக்கும் ஒரு நாற்காலி கேட்டு வாங்குவோம். வாங்கியபின் அதில் உட்காரவும் செய்வோம்.